லைப்ரரி சர்வேக்குப் பதில் வரவில்லையா? முதலில் திகதியைப் பாருங்கள்

கொழும்பில் கம்பஸ் லைப்ரரிகளில் பாவனையாளர் கருத்தாய்வு நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வினாக்கொத்து தயார், கூகுள் ஃபோர்மில் ஏற்றியாயிற்று, லிங்கும் போய்விட்டது, பதில்தான் வரவில்லை. இந்த நேரத்தில் எல்லோரும் கேள்விகளில்தான் கை வைப்பார்கள், இல்லாவிட்டால் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் மெயிலே பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது அனுப்பிய திகதியை.

ஏனென்றால் அந்தத் திகதியைப் பெரும்பாலும் மாணவர்களை நினைத்து யாரும் தெரிவு செய்வதில்லை. அரச நிறுவனங்களுக்கு நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, ஆண்டறிக்கையும் அடுத்த வருடச் செயற்றிட்டமும் வருடக் கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும், அப்போதுதான் நமக்குச் சர்வே ஞாபகம் வரும். நமக்கு அது வசதியான நேரம். பதில் எழுத வேண்டியவருக்கோ நம் ஆண்டறிக்கையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போகலாம், ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும்.

தொடங்குமுன்

ஒன்று, பதில் ஷீட்டின் முதல் நிரல். ஒவ்வொரு பதிலும் எந்த நாள், எந்த நேரம் வந்தது என்று ஃபோர்ம் தானாகவே அதில் பதிந்து வைக்கும். பலர் அந்த நிரலை அழித்துவிட்டுத்தான் பகுப்பாய்வையே தொடங்குகிறார்கள், அது வேண்டாத வேலை. நாள் வாரியாக ஒரு எண்ணிக்கை, மணி வாரியாக ஒரு எண்ணிக்கை எடுங்கள். கீழே சொல்லப்போகிற பாதிக் குறைகள் அந்த இரண்டு அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு, பிரிக்கிற எண். உதாரணத்துக்கு 1,800 பேருக்கு மெயில் அனுப்பி, அதில் 200 போய்ச் சேராமல் திரும்பி வந்து, 320 பேர் பதில் தந்தால், வீதம் 1,600-இல் 320, அதாவது 20. லிங்கை வட்ஸ்அப் குரூப்புகளில் மட்டும் விட்டிருந்தால் எத்தனை பேருக்குப் போனது என்பது யாருக்கும் தெரியாது. அப்படியானால் உங்களிடம் பதில்களின் எண்ணிக்கை இருக்கிறது, பதில் வீதம் இல்லை. அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள்.

இந்த இடத்தில் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், நம் ஊர் ஆய்வுகளில் அது வராத இடமே இல்லை. 1970-இல் வந்த அட்டவணை. 1,000 பேர் உள்ள குடித்தொகைக்கு 278, 5,000-க்கு 357, 10,000-க்கு 370 என்று மாதிரியின் அளவைச் சொல்லும். எழுமாற்றாக எடுத்த மாதிரி என்பது அதன் அடிப்படை. தானாக வந்து நிரப்பிய 370 பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு "அட்டவணைப்படி போதும்" என்று சொல்ல முடியாது. அத்தோடு, 357 என்பது கையில் வந்து சேர வேண்டிய எண்ணிக்கை. 20 வீதம்தான் பதில் வரும் என்று எதிர்பார்த்தால் 1,785 பேருக்கு அனுப்ப வேண்டும். 357 பேருக்கு அனுப்பிவிட்டு 70 பதிலோடு உட்கார்ந்திருப்பவர்களை நிறையவே பார்க்கலாம்.

அறிகுறி: அனுப்பிய நாளிலிருந்தே ஒன்றும் அசையவில்லை

நாள் வாரி அட்டவணை தரையோடு தரையாகக் கிடக்கிறது, முதல் நாளில்கூட மேடு இல்லை. அனேகமாக நீங்கள் அனுப்பிய நேரத்தில் மாணவர்கள் "இல்லை". ஸ்டடி லீவ், பரீட்சை, விடுமுறை, அல்லது நீண்ட வார இறுதி, இதில் ஏதோ ஒன்று.

இதில் மாட்டிக்கொள்வது மிகச் சுலபம், காரணம் இங்கே "செமஸ்டர்" என்று ஒன்று இல்லை, பல இருக்கின்றன. 2020-இல் கொவிட்டுக்கு மூடியதில் ஆரம்பித்த குழப்பம், 2022-இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் இன்னும் சிக்கலாகி, பட்ச்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டன. ஒரே வாரத்தில் கலைப்பீடத்து இரண்டாம் வருடம் பரீட்சை எழுதும், விஞ்ஞான பீடத்து மூன்றாம் வருடத்துக்கு அப்போதுதான் செமஸ்டர் தொடங்கியிருக்கும், சட்டம் படிக்கிறவர்கள் லீவில் இருப்பார்கள். மருத்துவ பீடம் தனி உலகம். கிளினிக்கல் போகிற பட்ச்சுகள் காலையில் வார்டில் நிற்கும், மத்தியானம் வரை போனைக்கூடத் தொட முடியாது. இவ்வளவு பேருக்கும் ஒரே திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஒரே மெயில் அனுப்பினால் ஒரு பகுதிக்குத்தான் அது சரியான நேரமாக இருக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெரிய தாளையோ எக்செல் ஷீட்டையோ எடுங்கள். இடப்பக்கம் கீழ்நோக்கி ஒவ்வொரு பீடத்தின் ஒவ்வொரு பட்ச்சும், மேலே குறுக்காக வாரங்கள். கல்வி நாட்காட்டியைப் பீடத்தின் இணையத்தளத்தில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், அங்கே கிடப்பது சிலவேளை பழையதாக இருக்கும். உதவிப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு போன் எடுத்தால் உண்மையாக நடக்கிற திகதி கிடைக்கும். ஸ்டடி லீவ், பரீட்சை, விடுமுறை எல்லாவற்றையும் சிவப்பால் நிரப்புங்கள். அப்புறம் போயா, அதாவது பௌர்ணமி லீவு. மாதத்துக்கு ஒன்று வரும், வெசாக்குக்கு மறுநாளும் லீவு. போயா வெள்ளியில் விழுந்தால் வியாழன் பின்னேரமே, திங்களில் விழுந்தால் வெள்ளிப் பின்னேரமே பாதி ஹொஸ்டல் காலி. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 13, 14 என்று நாட்காட்டியில் இருந்தாலும் அதற்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும் சேர்த்தே சிவப்பு. நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு நகரும், அதைப் பழைய அட்டவணையிலிருந்து கொப்பி பண்ண முடியாது.

மிச்சம் இருக்கிற வெள்ளைக் கட்டங்களிலும் எல்லாம் ஒரே தரம் இல்லை. செமஸ்டர் 15 வாரம் என்று வைத்துக்கொண்டால் முதல் 3 வாரம் பதிவு, நேரசூசி, விரிவுரை மண்டபம் தேடுவது என்று போய்விடும், லைப்ரரியைப் பாவித்தே இருக்கமாட்டார்கள். 12-ஆம் வாரத்துக்குப் பிறகு அசைன்மென்ட், பிரசென்டேஷன், மொடியூல் மதிப்பீட்டுப் படிவம் எல்லாம் தலைக்கு மேல். என் கணக்கில் 5-ஆம் வாரத்துக்கும் 10-ஆம் வாரத்துக்கும் இடையில்தான் கேள்வி கேட்கத் தகுந்த காலம். லைப்ரரியைக் கொஞ்சம் பாவித்திருப்பார்கள், பதற்றம் இன்னும் தொடங்கியிருக்காது. இந்த ஜன்னல் ஒவ்வொரு பட்ச்சுக்கும் வேறு வேறு மாதத்தில் திறக்கும். அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பட்ச் பட்ச்சாக, அவரவர் 6-ஆம், 7-ஆம் வாரத்தில் அனுப்புங்கள். சர்வே நான்கைந்து மாதம் இழுபடும்தான், ஆனால் எல்லாரையும் செமஸ்டரின் ஒரே கட்டத்தில் பிடித்தோம் என்று சொல்லலாம். ஒப்பிடுவதற்கு அதுதான் தேவை.

ஏற்கனவே பிழையான வாரத்தில் அனுப்பிவிட்டீர்கள் என்றால், நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு மூன்றாவது தடவை லைப்ரரி மெயில் வந்தால் அவன் அதை அழிப்பதோடு நிற்கமாட்டான், இனி வருகிறதையும் திறக்கமாட்டான். ஃபோர்மை மூடிவிட்டு, அந்தப் பட்ச்சின் அடுத்த நல்ல வாரத்தில் திறவுங்கள்.

அறிகுறி: முதல் நாள் அமோகம், மூன்றாம் நாள் பூச்சியம்

இது நோயே இல்லை. ஒன்லைன் சர்வே எல்லாம் அப்படித்தான், ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஓரிரண்டு நாளைக்கு ஒரு மேடு, அப்புறம் சரிவு. இரண்டாம் மேட்டை எப்போது எழுப்புவது என்பதுதான் கேள்வி. மறுநாளே நினைவூட்டினால் எரிச்சல், மூன்று வாரம் கழித்து நினைவூட்டினால் அது புதுச் சர்வே. 5 முதல் 7 நாள் இடைவெளி விட்டு இரண்டு நினைவூட்டல், கடைசியாக மூடுவதற்கு முதல் நாள் ஒன்று. மொத்தம் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நினைவூட்டலை முதல் தடவை அனுப்பிய அதே நேரத்தில் அனுப்பாதீர்கள். திங்கள் காலை 9 மணிக்கு மெயிலைப் பார்க்காதவர் அடுத்த திங்கள் 9 மணிக்கும் பார்க்கமாட்டார், அந்த நேரத்தில் அவருக்கு விரிவுரை. இரண்டாவதைப் புதன் பின்னேரத்துக்கோ இரவு 8 மணிக்கோ மாற்றிப் பாருங்கள். எந்தக் கிழமை நல்லது என்று ஆளுக்கொரு சாத்திரம் சொல்வார்கள், ஆய்வுகளும் அதில் ஒத்துப்போகவில்லை. உங்கள் ஷீட்டின் மணி வாரி அட்டவணை சொல்வதை நம்புங்கள். வெள்ளி 12-க்கும் 1.30-க்கும் இடையில் அனுப்ப வேண்டாம் என்பதற்கு மட்டும் அட்டவணை தேவையில்லை, ஜும்மாவுக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், மற்றவர்கள் கன்டீனில். நோன்பு காலத்தில் மாலை 6 மணியிலிருந்து தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடியும் வரையும் அப்படித்தான்.

பட்ச் ரெப்பிடம், அதாவது அந்தப் பட்ச்சின் மாணவப் பிரதிநிதியிடம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவது எல்லாவற்றையும் விட மேல். இந்த உரையாடல் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்:

"சேர், இப்ப குரூப்பில போட வேணாம். இண்டைக்கு நடுச்சாமத்துக்கு அசைன்மென்ட் டெட்லைன். எல்லாரும் அதைப் பற்றித்தான் மெசேஜ் போடுறாங்கள், உங்கட லிங்க் மேல போயிடும்."

"அப்ப எப்ப போடலாம் தம்பி?"

"நாளைக்கு லெக்சர் முடிஞ்சு ஒரு மூண்டு மணிக்கு. நானே போட்டு பின் பண்ணி விடுறன்."

பின் பண்ணி விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. 200 பேர் உள்ள குரூப்பில் ஒரு லிங்கின் ஆயுள் அரை மணித்தியாலம் கூட இல்லை.

அறிகுறி: பதில் நிறைய, ஆனால் எல்லாரும் "ஆசனம் போதாது" என்கிறார்கள்

எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. நிறையப் பேர் செய்கிற வேலை, லைப்ரரி நிரம்பி வழிகிற நேரத்தில் மேசைக்கு மேசை கியூஆர் கோட் ஒட்டுவது. கூட்டம் இருக்கிற நேரத்தில்தானே பதில் கிடைக்கும் என்ற நினைப்பு. பதில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கொழும்பில் ஒரு கம்பஸ் லைப்ரரி எப்போது நிரம்பும்? ஸ்டடி லீவில். போர்டிங் அறையில் வெக்கை தாங்காமல், மின்விசிறிக்கும் ஏசிக்கும் வைஃபைக்கும் இடம் தேடி வந்து, சொந்த நோட்ஸையும் பாஸ்ட் பேப்பரையும் விரித்து வைத்துப் படிக்கிறவர்கள் அவர்கள். அந்த வாரத்தில் இரவல் கவுண்டரில் ஆள் இருக்காது, உசாத்துணைப் பகுதியில் புத்தகம் அசையாது, தரவுத்தளத்தை யாரும் தொடமாட்டார்கள். அவர்களிடம் "லைப்ரரியில் என்ன குறை?" என்று கேட்டால் ஆசனம், ஏசி, பிளக் பொயின்ட், மூடுகிற நேரம், இந்த நான்கைத்தான் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அதை வைத்து இ-ஜேர்னல் சந்தாவைக் குறைத்துக் கதிரை வாங்கினால் ஆராய்ச்சி மாணவர் வந்து சண்டை பிடிப்பார்.

இரண்டாவது சிக்கல், உள்ளே இருப்பவரிடம் மட்டும் கேட்பது. லைப்ரரிக்கு வராதவர் ஏன் வரவில்லை என்பதை வந்தவரிடம் கேட்டு அறிய முடியாது.

சரிபார்க்கும் விதம்: பதிலளித்தவர்களைப் பீடம், வருடம், மொழிமூலம் என்று பிரித்து, பதிவு செய்த மாணவர் எண்ணிக்கையோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கலைப்பீடம் மொத்தத்தில் 30 வீதமாக இருந்து பதில்களில் 55 வீதமாக இருந்தால் மொத்தச் சராசரியைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை, பீட வாரியாகத்தான் பேச வேண்டும், அல்லது நிறை கொடுத்துக் கணக்கிட வேண்டும். கோஹா என்ற நூலக மென்பொருளைப் பாவிக்கிற லைப்ரரி என்றால் கடந்த செமஸ்டரில் ஒரு புத்தகம்கூட இரவல் எடுக்காதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு அறிக்கை எடுக்கலாம். பிறகு உங்கள் பதில்களில் "நான் இரவல் எடுப்பதில்லை" என்று சொன்னவர்களின் பங்கைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால் உங்கள் சர்வே வாடிக்கைக்காரரின் சர்வே.

இன்னொரு பழைய சோதனையும் உண்டு, எனக்குப் பிடித்தது. முதல் செய்திக்கே பதில் தந்தவர்களையும் கடைசி நினைவூட்டலுக்குப் பிறகு வந்தவர்களையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். கடைசியில் இழுத்து வரப்பட்டவர்கள் வராமலே போனவர்களுக்குக் கொஞ்சம் கிட்ட இருப்பார்கள் என்பது ஊகம். இரண்டு குழுவும் லைப்ரரிக்குக் கொடுத்த மதிப்பெண்ணின் சராசரி ஒரே மாதிரி இருந்தால் ஓரளவு நிம்மதி. ஐந்துக்கு முந்தியவர்கள் 4.2, பிந்தியவர்கள் 3.1 என்று வந்தால் வராதவர்கள் இன்னும் கீழே இருக்கக் கூடும் என்று அறிக்கையில் எழுதத்தான் வேண்டும். இந்தச் சோதனைக்கும் அந்த முதல் நிரல் தேவை, அதனால்தான் அழிக்க வேண்டாம் என்றேன்.

அறிகுறி: முதலாம் வருடத்தார் எல்லாம் "தெரியாது" என்று போட்டிருக்கிறார்கள்

நேரத்துக்கு முந்திவிட்டீர்கள். ஓரியன்டேஷனில் லைப்ரரியைச் சுற்றிக் காட்டிய சூட்டோடு சர்வே கொடுத்தால் வீதம் 90-ஐத் தாண்டும், மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது லைப்ரரியைப் பற்றியல்ல, அன்றைய டூரைப் பற்றி. முதல் அசைன்மென்ட் கொடுத்து முடித்த பிறகு கேளுங்கள்.

அறிகுறி: தமிழ்மூல மாணவர்களின் பதில் மட்டும் குறைவு

இதற்கு ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள், "நம்ம பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்பது வரைக்கும் கேட்டிருக்கிறேன். முதலில் மூன்று மொழிப் படிவமும் எந்த எந்தத் திகதியில் வெளியே போனது என்று பாருங்கள். வழக்கமாக நடப்பது இப்படி: ஆங்கிலப் படிவம் முதலில் தயாராகும், சிங்களம் இரண்டு நாளில் வந்துவிடும், தமிழ் மொழிபெயர்ப்பு யாரோ ஒருவரின் மேசையில் கிடந்து ஒன்றரை வாரம் கழித்து வரும். அதற்குள் குரூப்பில் லிங்கின் சூடு ஆறிப்போய், முதல் நினைவூட்டலும் போய் முடிந்திருக்கும். பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதை. சிலர் ஆங்கிலத்திலேயே பாதி நிரப்பிவிட்டு விட்டிருப்பார்கள், அவர்கள் தமிழ்ப் படிவத்தை இன்னொரு தடவை திறக்கமாட்டார்கள்.

மூன்றும் தயாராகும்வரை எதையும் அனுப்பாதீர்கள். முடிந்தால் ஒரே ஃபோர்மில் முதல் பக்கத்தில் மொழியைக் கேட்டு, பதிலுக்கு ஏற்ப அடுத்த பகுதிக்குப் போகிற மாதிரி அமையுங்கள். லிங்க் ஒன்றுதான், எந்த குரூப்பிலும் போடலாம். ஷீட்டில் ஒவ்வொரு கேள்வியும் மூன்று நிரலாக வரும், பிறகு ஒன்று சேர்க்கிற வேலை இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது ஊருக்குப் போகிற கணக்கு. வடக்கு, கிழக்கு, மலையகத்துப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் ஒரு நாள் லீவு இல்லை. களனியிலிருந்து வருகிறவர் தைப்பொங்கலுக்கு மறுநாள் விரிவுரைக்கு வந்துவிடுவார், வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனவர் பொங்கலைச் சாட்டி முன்னும் பின்னும் இரண்டு நாளைச் சேர்த்துத்தான் வருவார். தீபாவளி, சிவராத்திரி, ஆவணியில் நல்லூர், மடுத் திருவிழாக்கள் என்று எல்லாம் உங்கள் கட்டத் தாளில் இருக்க வேண்டும். ஊருக்குப் போனாலும் போன் கையில்தானே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிற நேரத்தில் லைப்ரரி ஞாபகம் யாருக்கு வரும்?

ஒரு சின்ன உபரி: தமிழில் எழுதிய திறந்த பதில்களை எக்செலில் திறந்ததும் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தால் பதில் கெட்டுப்போகவில்லை. சிஎஸ்வி கோப்பை நேரே இரட்டைக் கிளிக் செய்யாமல், தரவு இறக்குமதி வழியாகப் போய் யுடிஎஃப்-8 என்று தெரிவு செய்யுங்கள். கிறுக்கலைப் பார்த்துப் பயந்து தமிழ்ப் பதில்களை அப்படியே கழித்துவிட்டால் வீதம் இன்னும் குறைவாகத்தான் தெரியும்.

அறிகுறி: நிறையப் பேர் தொடங்குகிறார்கள், முடிப்பதில்லை

கூகுள் ஃபோர்மில் இது உங்களுக்குத் தெரியவே வராது, அனுப்பு என்பதை அழுத்தாதவரின் பதில் உங்கள் ஷீட்டுக்கு வருவதில்லை. லைம்சர்வே மாதிரி ஒன்றைப் பாவித்தால் பாதியில் விட்டவர்கள் தெரிவார்கள். இரண்டு விரிவுரைக்கு இடையில் 10 நிமிடம் கிடைக்கும்போது திறந்து, 15 நிமிடக் கேள்விகளைக் கண்டு மூடியிருப்பார்கள். லைப்ரரிச் சேவையின் தரத்தை அளக்கிற லிப்குவால் முறையை நினைத்துப் பாருங்கள், 22 அடிப்படைக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆகக் குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு விரும்புகிறீர்கள், இப்போது எவ்வளவு கிடைக்கிறது என்று மூன்று மதிப்பெண், ஆக 66. கனம் தாங்காமல்தான் அவர்களே ஒருவருக்கு 8 கேள்வி மட்டும் கொடுக்கிற சுருக்க வடிவத்தைக் கொண்டு வந்தார்கள். நம்மில் சிலர் 66-க்கு மேல் இன்னும் பத்துக் கேள்வி சேர்க்கிறோம். நேரத்தை எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் அது எடுபடாது.

அறிகுறி: ஒரே ஐந்து நிமிடத்துக்குள் நாற்பது பதில்

பயப்பட முதல் அந்த நாள் நேரசூசியைப் பாருங்கள். காலை 10.05 என்றால் அனேகமாக ஒரு விரிவுரையாளர் வகுப்பில் லிங்கைத் திரையில் போட்டு நேரம் கொடுத்திருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள், அடுத்த முறை மற்றவர்களிடமும் கேளுங்கள். வகுப்புக்குள் நிரப்புவதற்கு இணையான பதில் வீதம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் வகுப்பின் தொடக்கத்தில் கேளுங்கள், "கடைசி பத்து நிமிடம் தருகிறேன்" என்பார்கள், அந்தக் கடைசி பத்து நிமிடம் ஒருபோதும் வராது, வந்தாலும் பாதிப் பேர் பையைத் தூக்கிவிடுவார்கள். அதே நாற்பது பதில் அதிகாலை 2 மணிக்கு, எல்லாக் கேள்விக்கும் ஒரே இலக்கத்தோடு வந்தால் பரிசுக் குலுக்கலுக்காக யாரோ விளையாடியிருக்கிறார். கம்பஸ் கணக்கில் நுழைந்து ஒரு தடவைதான் நிரப்பலாம் என்று கட்டுப்படுத்தலாம், ஆனால் பெயர் தெரிந்துவிடும் என்று நினைத்து வாய் திறக்காதவர்களும் இருப்பார்கள். எனக்கு அந்த விலை அதிகமாகப் படுகிறது, குலுக்கலை எடுத்துவிடுவது சுலபம்.

அறிகுறி: பட்டப்பின் மாணவரும் விரிவுரையாளரும் எட்டிப் பார்க்கவில்லை

சனி, ஞாயிறு வகுப்புக்கு வருகிறவர்கள் வாரநாட்களில் வேலை செய்கிறவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், அரச ஊழியர்கள். திங்கள் காலை அனுப்பும் மெயில் அவர்களுடைய அலுவலக மெயில்களுக்குக் கீழே புதையும். வியாழன் இரவில் அனுப்பி, சனிக்கிழமை மத்தியான இடைவேளையில் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். அவர்கள் வருகிற நாளில் லைப்ரரி திறந்திருக்கிறதா, முழு நேரமும் ஆள் இருக்கிறாரா என்பதையும் அதே படிவத்தில் கேளுங்கள்.

விரிவுரையாளர்களுக்கு மெயில் வேண்டாம். மாதாந்தப் பீடச் சபைக் கூட்டத்தில் நூலகர் எழுந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அங்கேயே ஒரு பக்கத் தாளைக் கொடுத்து வாங்குவதுதான் வழி. விடைத்தாள் திருத்துகிற மாதத்தில் அதுவும் வேண்டாம்.

அறிகுறி: நடுவில் எல்லாம் நின்றுபோய்விட்டது

வேலைநிறுத்தம், வெள்ளம், மின்வெட்டு. 2024-இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் வாரக் கணக்கில் இழுபட்டது, 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. இப்படியான நேரத்தில் ஃபோர்மை மூடுங்கள், நினைவூட்டல்களை நிறுத்துங்கள். திரும்பத் திறக்கும்போது முன் வந்தவை, பின் வந்தவை என்று ஒரு நிரலில் குறித்துவிடுங்கள், மூடிக் கிடந்த லைப்ரரியைப் பற்றி மூடிய வாரத்தில் சொன்னதையும் திறந்த பிறகு சொன்னதையும் ஒரே சராசரிக்குள் போட முடியாது. மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழைக்கு களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து மாணவர்களிடம் சர்வே கேட்பது அநாகரிகமும்கூட.

அறிகுறி: போன வருடம் 30 வீதம், இந்த வருடம் 14

கேள்விகள் அதேதான், அனுப்பிய திகதியும் அதே அக்டோபர் 10 தான், பிறகு ஏன் குறைந்தது? திகதி அதேதான், வாரம் அதே இல்லை. போன வருட அக்டோபர் 10 செமஸ்டரின் 6-ஆம் வாரமாக இருந்திருக்கும், இந்த வருடம் 13-ஆம் வாரம். ஒப்பிடுவது என்றால் வாரத்தை ஒப்பிடுங்கள்.

வாரமும் ஒன்றுதான் என்றால் அதே மாதத்தில் வேறு யார் யார் கேட்டார்கள் என்று பாருங்கள். தர உறுதிப் பிரிவின் மொடியூல் மதிப்பீடு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று, கன்டீன் பற்றி மாணவர் சங்கம், தொழில் வழிகாட்டல் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசி வருட மாணவர்கள் தங்கள் ஆய்வுக்கட்டுரைக்காக அனுப்புகிற ஃபோர்ம்கள். அந்த மாதத்தில் ஒரு மாணவரின் வட்ஸ்அப்பைத் திறந்தால் "தயவுசெய்து 5 நிமிடம் ஒதுக்கி" என்று தொடங்கும் செய்திகள் வரிசையாக நிற்கும், நம்முடையது அதில் ஒன்று. தர உறுதிப் பிரிவோடு பேசி யார் எப்போது கேட்பது என்று பிரித்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் இதே தலையிடிதான். எல்லோரிடமும் ஒவ்வொரு வருடமும் கேட்பதை நிறுத்தி, எழுமாற்றாகப் பாதிப் பேரிடம் இந்த வருடம், மற்றப் பாதியிடம் அடுத்த வருடம் என்று பிரித்தாலும் சுமை பாதியாகும்.

இரண்டும் சரி, இன்னும் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறதென்றால், போன தடவை சொன்னதற்கு என்ன நடந்தது என்று மாணவர்களுக்குத் தெரியாது. முடிவுகள் அறிக்கையாகி, செனட் குழுவுக்குப் போய், அடுத்த வருடம் பிளக் பொயின்ட் வந்திருக்கும், ஆனால் அதைக் கேட்ட பட்ச் வெளியேறியிருக்கும். சர்வே மூடிய மூன்று வாரத்துக்குள், அதே செமஸ்டருக்குள், அதே குரூப்புகளில் ஒரு படம் போடுங்கள்: இத்தனை பேர் பதில் தந்தீர்கள், அதிகம் கேட்டது இது, செய்தது இது, இதற்குக் காசில்லாததால் இந்த வருடம் முடியாது. பெரிய வேலை நடக்காவிட்டால் சின்னதாக ஒன்றையாவது செய்துவிட்டுப் போடுங்கள், மேல்மாடியில் எரியாமல் கிடக்கிற ரியூப் லைட்டை மாற்றியதைக்கூட எழுதலாம். பட்ச் ரெப்பிடம் சொல்லி அதையும் பின் பண்ணச் சொல்லுங்கள்.